செயின்சா கால்கவசம்: ஒன்றரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களைக் கவாத்து எடுப்பதும், கீழே மேட்டுப்பாளையம் தொடங்கிக் கோவை வரை வீடுகளின் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களைக் கிளை கழித்து இறக்குவதும் எங்கள் ஐந்து பேரின் தொழில். கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு செயின்சா என்னும் சங்கிலி ரம்பத்தைப் பிடிப்பதுதான் இந்த வேலையில் நெடுநாள் வழக்கம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, ஒன்று ஒன்பதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேலாக, இரண்டு கால்கவசங்கள் வாங்கினேன். முழுக் காற்சட்டையாக இல்லாமல், போட்டிருக்கும் பேன்ட்டின் மேல் இடுப்பில் கட்டிக் கால்களின் பின்புறம் பக்கிள் மாட்டிக்கொள்ளும் வகை அது. நான் சொல்லப்போகும் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்த வகைக்கே பொதுவானவை என்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பலரும் நினைப்பதுபோல இது அறுபடாத துணி அன்று. மேல்துணி உடனே கிழிந்துவிடும். கிழிய வேண்டும் என்பதற்காகவே அப்படித் தைத்திருக்கிறார்கள். அதன் அடியில் பல அடுக்குகளாக, தைத்து இறுக்காமல் தளர்வாக விடப்பட்ட நீள இழைகள் இருக்கின்றன. சங்கிலியின் பற்கள் அந்த இழைகளைக் கொத்தாக இழுத்துக்கொண்டு போய், சங்கிலியை ஓட்டும் பல்சக்கரத்தில் சுற்றி, நொடிப்பொழுதில் சங்கிலியை நிறுத்திவிடுகின்றன. வாங்கும்போது உட்புற லேபிளில் செயின்சா படமும், இ.என். 381-5 (ஐரோப்பியத் தரம்) அல்லது ஐ.எஸ்.ஓ. 11393-2 (சர்வதேசத் தரம்) என்ற தர எண்ணும், வகுப்பும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வகுப்பு 1 என்றால் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சோதித்தது என்று பொருள். வகுப்பு 2-க்கு 24 மீட்டர், வகுப்பு 3-க்கு 28 மீட்டர். எங்களுடையது வகுப்பு 1. பெரிய மிஷினை முழு ஆக்சிலேட்டரில் வைத்துக் காலில் போட்டால் இது காப்பாற்றும் என்று எந்த லேபிளும் உறுதி கூறவில்லை.

சென்ற தை மாதம் ஒரு தோட்டத்தில், விழுந்து கிடந்த சில்வர் ஓக்கில் கிளை கழித்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவர், தொடைப் பருமன் கிளை ஒன்றை அறுத்து முடித்த வேகத்தில் மிஷினைத் தம் பக்கம் தாழ்த்தியபோது, ஓட்டம் அடங்காத சங்கிலி இடது முழங்காலுக்கு மேலே பட்டது. சங்கிலி அங்கேயே நின்றது. என்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கவசத்தில் நான்கு விரல் அகலத்துக்குக் கிழிசல். அதிலிருந்து இலவம்பஞ்சு பிதுங்கியதுபோல வெள்ளை இழைகள் வெளியே தொங்கின. உள்ளே பேன்ட்டில் நூல்கூடப் பிரியவில்லை. மறுநாள் அந்த இடம் கன்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல்சக்கரமே தெரியாத அளவுக்கு இழை இறுகச் சுற்றியிருந்தது; ஸ்க்ரூடிரைவரையும் பேனாக்கத்தியையும் வைத்து அதை நோண்டி எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

பெட்ரோல் மிஷினில் சங்கிலி முடங்கியதும் கிளட்ச் நழுவிக்கொடுப்பதால்தான் இப்படி நிற்கிறது. மின்சார மிஷினில் மோட்டார் குறைந்த வேகத்திலும் இழுவிசையை விடாது என்பதால், அதற்கு இந்தக் கவசத்தை அப்படியே நம்பக் கூடாது. எங்களுக்கு விற்ற கடைக்காரர் இதைச் சொல்லவில்லை; உடன் வந்த தாளில் சிறிய எழுத்தில் இருந்தது.

பெரிய குறை வெக்கை. குன்னூரில் மார்கழிக் காலையில் போர்வை போர்த்தியதுபோலச் சுகமாக இருக்கும் இதே கவசம், சித்திரையில் கோவையில் ஒன்பது மணிக்கே வியர்வையில் நனைந்து கனத்துவிடுகிறது. “இதக் கட்டிக்கிட்டு வரப்புகூடத் தாண்ட முடியலீங்ணா” என்று எங்கள் ஆட்கள் சொன்னது சோம்பலில் சொன்னது அன்று. நானே ஒரு நாள் முழுக்கக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலை நேரத்தை மாற்றினேன். இப்போது கோடையில் விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்குள் மிஷின் வேலையை முடித்துவிட்டு, கயிறு கட்டி இழுப்பது, விறகு அடுக்குவது போன்றவற்றை அதன் பிறகு வைத்துக்கொள்கிறோம். மிஷின் பிடிப்பவர் மட்டுமே கவசம் கட்டுகிறார். மிஷினைக் கீழே வைத்ததும் பின்பக்கப் பக்கிள்களைத் தளர்த்திக்கொள்ளலாம் என்பது முழுக் காற்சட்டையைவிட இந்த வகையில் உள்ள வசதி.

மரத்தின் மேலே ஏறுபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொங்கும் பட்டைகள் கிளைக் குச்சிகளில் மாட்டுகின்றன. அது மட்டுமன்றி, மரத்தில் கால்கள் எந்தத் திசையில் இருக்கும் என்று சொல்ல முடியாத நிலையில், முன்புறம் மட்டும் இழை வைத்த ஏ வகைக் கவசம் கெண்டைக்காலைக் காக்காது. காலைச் சுற்றிலும் காக்கும் சி வகைக் காற்சட்டை உண்டு. ஆனால் அது இதைவிடக் கனமும் சூடும் மிகுந்தது. எங்கள் ஏறு ஆள் மேலே கைவாளையே பயன்படுத்துகிறார். தடித்த கிளையைக் கயிறு கட்டி இறக்கித் தரையில்தான் மிஷினால் துண்டு போடுகிறோம். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. மனைக்காரர் சிலர் முகம் சுளிக்கவும் செய்கிறார்கள்.

பராமரிப்பில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். சங்கிலிக்கு வண்டிகளின் கழிவு ஆயிலை ஊற்றும் பழக்கத்தால் முதல் மூன்று மாதங்களிலேயே கவசத்தின் முன்பக்கம் பிசுக்கேறி விறைத்துப்போனது. எண்ணெய் ஊறி ஒட்டிக்கொண்ட இழை, சங்கிலி பட்டால் தளர்வாக வெளியே வராது. இப்போது சங்கிலிக்கென்று விற்கும் ஆயிலையே வாங்குகிறேன். கவசத்தை வெதுவெதுப்பான நீரில் இலேசான சோப்புப் போட்டுக் கையால் அலசி நிழலில் உலர்த்துகிறோம். பிளீச்சிங் கூடாது, இஸ்திரி கூடவே கூடாது. இரண்டாவது தவறு, கிழிந்த கவசத்தைத் தையற்காரரிடம் கொடுத்தது. அவர் உள் அடுக்கோடு சேர்த்து அழுத்தமாகத் தைத்துக் கொடுத்துவிட்டார். அந்தத் தையலே இழைகளைப் பிடித்துக்கொண்டு வெளியே வரவிடாது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். சங்கிலி பட்ட கவசத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். ஒன்பதாயிரம் போயிற்றே என்று எனக்கு வருத்தம் இருந்தது, காலைப் பறிகொடுக்காதவருக்கு இல்லை.

மாற்றாக வாங்கியபோது இடுப்பளவை மட்டும் பார்க்காமல், இடுப்பிலிருந்து பூட்ஸின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, அந்த நீளத்துக்கு வாங்கினேன். முதலில் வாங்கியவை உயரமான ஆளுக்குக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன.