முன் ஆக்ஸில் சர்வீஸுக்கு முழு பில், ஹப்பைத் திறக்கவே இல்லை: டர்பன் பக்கத்து லேண்ட் குரூசர்காரர்கள் கவனிக்க

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கம் பழைய லேண்ட் குரூசர் 80 சீரிஸ் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஒர்க்‌ஷாப்பின் பெயரைப் போடவில்லை, புகார் இன்னும் நடக்கிறது.

என் வண்டி 1996 மாடல், 4.5 பெட்ரோல். நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. ஆயில், பிரேக் பேட், பெல்ட் எல்லாம் வீட்டிலேயே பார்த்துக்கொள்வேன். முன் சக்கரம் திரும்புகிற மூட்டு, அதாவது நக்கிள், வேலை மட்டும் முழங்கை வரை கிரீஸ் ஆகிற சமாச்சாரம், அதனால் வெளியே கொடுத்தேன். "ரெண்டு பக்கமும் முழுசா பிரிச்சு சீல், பேரிங் எல்லாம் புதுசு போட்டுடறேண்ணே" என்றார் கடைக்காரர். பில் 14,000 ராண்ட். வண்டியை எடுக்கப் போனபோது நக்கிளுக்குள் இருக்கும் இரும்புப் பந்து பளபளவென்று இருந்தது. பழைய பேரிங்கைக் கேட்டேன். "ஸ்கிராப்காரன் அள்ளிட்டுப் போயிட்டாண்ணே."

அப்புறம் சானி பாஸ் மலைப்பாதை ஏறி இறங்கி அண்டர்பெர்க்கில் நிறுத்தினால், இடது டயரின் உள்பக்கம் முழுக்கக் கருப்பாக ஒழுகியிருந்தது, கேழ்வரகுக் கூழ் மாதிரி. டிஃப் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் கியர்) ஆயிலையும் நக்கிள் கிரீஸையும் பிரித்து வைப்பது ஆக்ஸிலுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஆயில் சீல்தான். அது போனால் ஆயில் நக்கிளுக்குள் புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். டிஃப்பிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும், சூட்டில் அழுத்தம் ஏறி ஆயில் சீலைத் தாண்டும். அதனால் முதலில் பிரீதரைத்தான் பார்த்தேன். அதில் அடைப்பு இல்லை.

சரி, பிரித்துவிடலாம் என்று ஜாக்கி போட்டேன். இந்த வண்டியில் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) மூடியிருக்கும் டிரைவ் ஃபிளாஞ்ச் தட்டின் ஒவ்வொரு நட்டுக்கு அடியிலும் ஒரு கூம்பு வாஷர் உண்டு. பித்தளைக் கம்பி வைத்துத் தட்டினால்தான் துள்ளி வெளியே வரும். என் வண்டியில் அவை அசையவே மாட்டேன் என்றன. வாஷரின் பிளவில் வருடக்கணக்கான மண், துருவோடு சேர்ந்து கெட்டியாகியிருந்தது. அதாவது ஹப்பை யாரும் திறக்கவே இல்லை. உள்ளே, இரண்டு பெரிய நட்டுகளுக்கு நடுவே இருக்கும் லாக் வாஷரின் காதுகள் பல தடவை மடக்கி நிமிர்த்தி, ஒன்று விரிசலே விட்டிருந்தது. புதிதாகப் போட்டதாக பில்லில் எழுதிய பேரிங்கில் பழைய துருப் புள்ளிகள். ஆயில் சீலின் உதடு பிளாஸ்டிக் போல விறைத்திருந்தது.

அவர்கள் செய்தது இவ்வளவுதான்: பந்தைத் துடைத்து, நக்கிளில் இருக்கும் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகப் புது கிரீஸைத் திணித்திருக்கிறார்கள். பந்தைச் சுற்றியிருக்கும் ஃபெல்ட் (கம்பளித் துணி) வளையம்கூட பழசுதான். இதைத் தெரிந்துகொள்ள வண்டியைப் பிரிக்கவே வேண்டாம், டார்ச் அடித்தாலே தெரியும். புது ஃபெல்ட் இப்படிக் கரியாக இருக்காது.

தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் சட்டம், 67-ஆம் பிரிவு: கழற்றிய பாகங்களைத் தனியாக எடுத்து வைத்து, வேண்டாம் என்று நாமே சொன்னாலொழிய, நம்மிடம் திருப்பித் தர வேண்டும். ஸ்கிராப்காரன் கதையெல்லாம் இதற்கு முன் நிற்காது. 57-ஆம் பிரிவு, ரிப்பேரில் போட்ட புதுப் பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத வாரண்டி தருகிறது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு, கூம்பு வாஷரின் படத்தோடு கடைக்கு எழுதினேன். பாதிப் பணம் தருகிறேன், மறுபடி கொண்டுவாருங்கள் என்று பதில் வந்தது. மறுபடி அவர் கையிலா? மியோசா என்ற வாகனத் துறைக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

வேலையை நானே முடித்துவிட்டேன். ஹப் நட்டுக்கு 54 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். நக்கிளைத் திருப்ப எவ்வளவு இழுவை பிடிக்கிறது என்று பார்க்க, மீன் எடை போடும் கொக்கித் தராசே போதும். சாக்கெட் என்னிடம் இருக்கிறது. டர்பனுக்குள் இருப்பவர்கள் கேட்டால் இரவல் தருகிறேன், கிரீஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள்.