எப்போதும் தெரியும் லொகேஷனா, தேவைப்படும்போது மட்டுமா?

வீட்டில் ஒருவருக்கொருவர் லொகேஷன் பகிர இரண்டு வழி உண்டு. கூகுள் மேப்ஸில் 'நிறுத்தும் வரை' என்று போட்டுவிட்டால் நாள் முழுக்கத் தெரியும். போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் கூடவே தெரியும். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனோ 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம், இவற்றில் நாம் தேர்ந்தெடுத்ததோடு தானே நின்றுவிடும்.

மறதி உள்ள வயதானவர் தனியாக வெளியே போகிறார் என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வழிதான். அவரிடம் போய் பட்டனைத் தேடி அழுத்தச் சொல்ல முடியாது.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் கணவன் மனைவிக்கும் இரண்டாவதுதான் சரி என்பேன். இரவில் வண்டி ஏறும்போது 1 மணி நேரத்துக்கு அனுப்பிவிட்டால், ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு 'எங்கே வர்றே?' என்று போன் அடிக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தால், 'அங்கே ஏன் அரை மணி நேரம் நின்னே?' என்ற கேள்வி வந்தே தீரும். இத்தனைக்கும் கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் தடுமாறினால் அந்தப் புள்ளி பக்கத்துத் தெருவில் போய் நிற்கும். அதை நம்பி ஒரு சண்டை!

நெட் இல்லாவிட்டால் இரண்டுமே கடைசியாகப் பதிவான இடத்தைத்தான் காட்டும். பதறுவதற்கு முன் அது எப்போது பதிவானது என்ற நேரத்தைப் பாருங்கள்.