பொதிகைப் பாறைமுகங்களுக்கு எந்த உயரத் தரவு?

பாபநாசத்துக்கு மேலே மலை சட்டென்று எழும். அந்தச் செங்குத்தை வரைபடமாக்க இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் இரண்டு: 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாட்களில் ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம், 2011 முதல் 2015 வரை டான்டெம்-எக்ஸ் செயற்கைக்கோள்கள் அளந்ததிலிருந்து உருவான கோப்பர்நிகஸ். இரண்டுக்கும் கட்டம், அதாவது ஒரே ஓர் உயரம் பதியும் சதுரம், ஏறத்தாழ 30 மீட்டர்.

பாறைமுகத்துக்கு நான் கோப்பர்நிகஸைத்தான் எடுப்பேன். எஸ்ஆர்டிஎம்மில் செங்குத்துச் சரிவுகள் ரேடார் கதிர் எட்டாத நிழலில் விழுந்து, தரவில் ஓட்டையாகும். பிறகு வேறு தரவால் ஒட்டுப்போட்டிருப்பார்கள். உயரமும் முழு மீட்டரில்தான். சேரன்மகாதேவி வயல்வெளியில் அது படிப்படியாகத் தெரியும். கோப்பர்நிகஸ் தசமத்தில் தருவதால் வழவழப்பாக இருக்கும்.

ஆனால் கட்டத்தின் குறை இரண்டுக்கும் பொது. 60 மீட்டர் நெட்டுக்குத்துப் பாறை, அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கு நடுவே சுமார் 63 டிகிரி சரிவாகத்தான் பதியும். மாஞ்சோலை போன்ற அடர்காட்டில் மரத்தலையும் உயரத்தில் சேர்ந்துவிடும்.

இன்னொன்று: எஸ்ஆர்டிஎம் ஈஜிஎம்96, கோப்பர்நிகஸ் ஈஜிஎம்2008 என்ற வெவ்வேறு கடல்மட்ட மாதிரிகளிலிருந்து உயரத்தைச் சொல்கின்றன. ஒரே மட்டத்துக்கு மாற்றாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்காதீர்கள்.