பறவைக்கு எந்தக் கை: ஹோலரா, பார்லோவா?

17ஆம் நூற்றாண்டு லண்டனின் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் கோடுகளை அரித்து அச்சிடும் படம்) பறவைகள் என்றால் இருவரை அருகருகே வைக்கத் தோன்றுகிறது: பிராகில் பிறந்த வென்செஸ்லாஸ் ஹோலர் (1607–1677), ஆங்கிலேயரான பிரான்சிஸ் பார்லோ. பார்லோ வரைந்த பறவைகளை ஹோலரே செப்புத் தகட்டில் பதித்ததும் உண்டு.

ஹோலரின் பலம் ஊசி. எட்சிங்கில் தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை ஊசியால் கீறித் தகட்டை அமிலத்தில் இடுவார்கள்; கீறிய கோடுகளை அமிலம் அரிக்கும். இடையில் தகட்டை எடுத்துச் சில கோடுகளை முன்னதாகவே மூடிவிட்டால் அவை மெலிந்து நிற்கும், மற்றவை ஆழ்ந்து கறுக்கும். கழுத்துத் தூவியின் மென்மையையும் சிறகுத் தண்டின் விறைப்பையும் பிரித்துக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஹோலரின் கோட்டில் அந்தப் பொறுமை அப்படியே தெரிகிறது.

பார்லோவின் கோடு முரடு. ஆனால் 1666இல் அவர் வெளியிட்ட ஈசாப் கதைப் படங்களில் பறவை வெறும் மாதிரியாக நிற்பதில்லை. எதிரே நிற்கும் விலங்கோடு பேசுகிறது. காட்சியமைப்பில் என் வாக்கு தயங்காமல் அவருக்கே.