கார்மின் இ-டிரெக்ஸ் 22எக்ஸ்: நீலகிரியில் வைத்துக் காப்பாற்ற எவ்வளவு ஆகும்?

விமானத்தில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிக்குத் தரவு 28 நாளுக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு 13 தடவை மாறும். ஒவ்வொன்றுக்கும் சந்தா. பழுதானால் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பணிமனைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கருவிகளைச் செய்யும் கார்மின்தான் 2019இல் சுமார் 200 டாலருக்கு இ-டிரெக்ஸ் 22எக்ஸ் என்ற இந்தக் கையடக்க ஜிபிஎஸ் கருவியையும் கொண்டுவந்தது. தேயிலைத் தோட்ட அளவை, சோலைக் கணக்கெடுப்பு, வனத்துறை அனுமதியோடு நடக்கும் மலையேற்றம் ஆகியவற்றுக்கு இதை வாங்கலாம். வாங்கிய பிறகு கையைக் கடிக்காது என்பதுதான் இதன் பெரிய குணம்.

வரைபடத்துக்குக் காசே கிடையாது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைக் கார்மினுக்கு மாற்றிய ஐஎம்ஜி கோப்பை இறக்கி, 32 ஜிபிக்கு மேற்படாத மைக்ரோ எஸ்டி கார்டில் ஃபேட்32 ஃபார்மேட் செய்து, கார்மின் என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஃபோல்டருக்குள் போட்டால் போதும். பிறகு மேப் அமைப்பில் பழைய வரைபடத்தை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் ஒன்றை ஒன்று மறைத்து, புதுப் பாதைகள் தெரியாமல் போகும். கேபிள் பழைய மினி யூஎஸ்பி. சார்ஜுக்கு மட்டுமான கேபிளைச் செருகினால் கணினி கருவியைக் காட்டவே காட்டாது. கருவி கெட்டது என்று பயப்படுகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கட்டும்.

மெனுவில் வாஸ் என்ற தேர்வைக் கட்டாயம் ஆன் செய்யுங்கள். ஜிபிஎஸ் காட்டும் இடத்தின் பிழையைக் குறைக்க, விமானங்களுக்காக நம் நாடு அமைத்த ககன் திருத்தச் சமிக்ஞை அதன் வழியாகத்தான் கிடைக்கும். அதை அனுப்பும் ஜிசாட்-10 செயற்கைக்கோள் ஊட்டியிலிருந்து பார்த்தால் 70 டிகிரிக்கும் மேல், தென்கிழக்கில் நிற்கிறது. ஆகவே பள்ளத்தாக்குச் சரிவு அதை எளிதில் மறைக்காது. சாட்டிலைட் பக்கத்தின் பட்டைகளில் ஆங்கில டி எழுத்து வந்தால் திருத்தம் கிடைக்கிறது என்று பொருள்.

உயரத்தைப் பொறுத்தவரை 22எக்ஸில் காற்றழுத்த மானி இல்லை. அது வேண்டுமென்றால் 32எக்ஸ். ஆனாலும் ஜிபிஎஸ் தரும் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்தான உயரமாக மாற்றும் கணக்கை இது சரியாகச் செய்துவிடும். அந்தக் கணக்கைச் செய்யாத சில மொபைல் செயலிகள் நம் பகுதியில் சுமார் 90 மீட்டர் குறைத்துக் காட்டும். 2637 மீட்டர் தொட்டபெட்டாவில் நின்று ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும்.

இனிப் பழுது. மலையின் ஈரம் இந்தக் கருவியில் முதலில் பிடிப்பது பக்கவாட்டு ரப்பர் பட்டையின் பசையைத்தான். அது பிரிந்தால் சூப்பர் குளூ ஊற்றாதீர்கள். இறுகிப் போனால் அப்புறம் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் பழைய பசையைத் துடைத்து, மொபைல் கடையில் டிஸ்பிளே ஒட்டும் மெல்லிய இருபக்க டேப்பைப் போட்டால் சில பத்து ரூபாயில் வேலை முடிந்தது.

அடுத்தது பேட்டரி கசிவு. மழைக்காலம் முழுக்க உள்ளே கிடக்கும் ஆல்கலைன் செல் வெண்பச்சையாகப் பூத்துவிடும். ஒரு துளி எலுமிச்சைச் சாறு, பழைய பல்துலக்கி, பிறகு ஆல்கஹால். அதோடு நன்றாகக் காய விட வேண்டும். தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் ஜனவரியில் ஆல்கலைன் சீக்கிரம் சோர்ந்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்கள் இரண்டு செட் வைத்துக்கொண்டு, பேட்டரி வகையையும் மெனுவில் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் மீதி அளவைக் கருவி தப்பாகக் காட்டும்.

திரை போனாலோ உள்ளே தண்ணீர் இறங்கினாலோ கணக்கு வேறு. வாரண்டி முடிந்த கருவியைக் கார்மின் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை. நிலையான ஒரு தொகை வாங்கிக்கொண்டு, புதுப்பித்த வேறொன்றைக் கொடுக்கும். குறித்து வைத்த புள்ளிகள் அதில் இருக்காது. அனுப்புமுன் புள்ளிகளும் தடங்களும் பதிவாகும் ஜிபிஎக்ஸ் கோப்புகளை எடுத்து வையுங்கள். அந்தத் தொகை புதிதின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிதே மேல்.

பழைய மஞ்சள் இ-டிரெக்ஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்குமுன் தேதியைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 6 அன்று ஜிபிஎஸ் தேதியைக் கணக்கிட உதவும் வார எண் 1023இலிருந்து மறுபடி பூஜ்ஜியத்துக்குத் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத கருவியில் தேதி ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் நிற்கும். இடம் சரியாகத்தான் வரும், ஆனால் பதிவு செய்யும் தடங்களின் தேதிகள் பயன்படாது.

கார்மினின் இன்ரீச் வகை வேறு சங்கதி. அது செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருகிறேன் என்றால் இ-டிரெக்ஸ்தானா என்று பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.