ஃபேக்ஸ் மோடம் அழைப்பை எடுக்கவில்லை என்றால் உடனே கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

தூத்துக்குடியில் கடல் உணவு ஏற்றுமதி செய்யும் சிறிய அலுவலகம் எங்களுடையது. ஜப்பானில் எங்களிடம் கணவாய் வாங்குபவர் இன்றைக்கும் ஆர்டரையும் திருத்தங்களையும் ஃபேக்ஸில்தான் அனுப்புகிறார். அங்கே பல நிறுவனங்களில் அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. அதனால் கம்ப்யூட்டரோடு ஒரு யூ.எஸ்.பி. ஃபேக்ஸ் மோடத்தை, அதாவது டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரிலேயே ஃபேக்ஸ் அனுப்பவும் பெறவும் உதவும் சிறு கருவியை, வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் பழைய கம்ப்யூட்டரை மாற்றினோம். அன்றிலிருந்து ஃபேக்ஸ் வருவது நின்றுவிட்டது. மணி அடிக்கும், அடித்து ஓயும், மோடம் எடுக்காது. ஆனால் இங்கிருந்து அனுப்பினால் சரியாகப் போனது. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் 7,500 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

வழக்கமாகக் கம்ப்யூட்டர் பார்க்கும் கடைக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் மோடத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இடி இறங்கிருக்கு, உள்ள சிப் போயிருச்சு" என்றார். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தார். சர்வீசுக்கு 1,800 ரூபாய். அப்போதும் எடுக்கவில்லை. "அப்ப புதுசுதான் போடணும்" என்று 4,500 ரூபாய்க்கு ஒன்றை மாட்டினார். பில் கேட்டேன், அப்புறம் தருகிறேன் என்றார்.

புது மோடம் அழைப்பை எடுத்தது. நானும் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஜப்பானிலிருந்து மின்னஞ்சல்: உங்கள் நம்பர் எடுக்கிறது, ஏதோ இரைச்சல் கேட்கிறது, பிறகு அறுந்துவிடுகிறது, மூன்று முறை முயன்றோம் என்று. மறுபடி வந்தவர் லைன் மேல் பழியைப் போட்டார். ஃபைபர் லைன் என்பதால் ஃபேக்ஸ் வராது என்று சொல்லி, வயரை மாற்றி, இன்னொரு 1,200 ரூபாய் வாங்கிப் போனார். இதற்கிடையில் அட்டைப்பெட்டி லேபிளில் செய்யச் சொன்ன திருத்தம் எங்களுக்கு வந்து சேரவே இல்லை. 1,200 பெட்டிகளில் ஒட்டியிருந்த லேபிளை இரண்டு இரவு உட்கார்ந்து பிள்ளைகள் உரித்து மாற்றினார்கள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

கடைசியில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரைக் கூப்பிட்டு வந்தேன். அவர் முதலில் கேட்டது, "மணி அடிக்கிறது மோடத்துக்குத் தெரியுதான்னு யாராவது பார்த்தீங்களா?" யாரும் பார்க்கவில்லை.

பழைய மோடத்தையே திரும்ப மாட்டச் சொன்னார். ஃபேக்ஸ் மென்பொருளை மூடிவிட்டு, மோடத்துக்கு நேரடியாகக் கட்டளை தட்டப் பயன்படும் புட்டி என்ற இலவச மென்பொருளில், மோடத்தின் காம் போர்ட்டை (கம்ப்யூட்டரும் மோடமும் பேசிக்கொள்ளும் வழி) திறந்தார். என் செல்போனிலிருந்து கூப்பிட்டேன். ஒவ்வொரு மணிக்கும் திரையில் 'ரிங்' என்று வந்தது. இடி தாக்கி மணியை உணரும் பகுதி போயிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. மணி அடிக்கும்போதே, அழைப்பை எடு என்று மோடத்துக்குச் சொல்லும் 'ஏடிஏ' என்ற கட்டளையைத் தட்டினார், மோடம் உடனே எடுத்தது. அதாவது மோடத்துக்கு ஒன்றுமே இல்லை. திருப்பிப் பார்த்தால் அடியில் இருந்த வாரண்டி ஸ்டிக்கர் கிழியவில்லை, திருகுமேல் பழைய தூசி அப்படியே இருந்தது. திறக்கவே திறக்காத மோடத்துக்கு 1,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான காரணம் விண்டோஸில் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரில் ஃபேக்ஸ் செட்டிங்கில் வரும் அழைப்பைப் பெறுவதற்கான டிக் போடப்படவில்லை. அதைப் போட்டு, இத்தனை முறை மணி அடித்த பிறகு தானாக எடு என்று வைத்தால் போதும். அனுப்புவதற்கு அந்த டிக் தேவையில்லை, அதனால்தான் அனுப்புவது மட்டும் நடந்தது.

புது மோடத்தில் கடைக்காரர் செய்துவைத்திருந்த வேலை இன்னும் மோசம். மோடத்துக்குள் 'எஸ்0' என்று ஓர் எண் இருக்கிறது. அது 0 என்றால் மோடம் தானாக எடுக்காது, 1 என்றால் முதல் மணியிலேயே எடுத்துவிடும். அவர் அதை 1 ஆக்கிவிட்டுப் போய்விட்டார். மென்பொருள் ஃபேக்ஸ் முறைக்கு மாற்றாத மோடம் தானாக எடுத்தால், பழைய டயல்-அப் இணைய இணைப்பைப் போல டேட்டா முறையில் பேசத் தொடங்கும். எதிரில் இருக்கும் ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு அது புரியாது. ஜப்பான்காரர் கேட்ட இரைச்சல் அதுதான். விண்டோஸ் ஃபேக்ஸ் மணியைப் பார்த்துத் தானே எடுத்துக்கொள்ளும், அதற்கு எஸ்0 பூஜ்யமாக இருப்பதே நல்லது என்று பெரியவர் சொன்னார்.

ஃபைபர் பற்றியும் கேட்டேன். ஃபைபரில் ஃபேக்ஸ் பாதியில் அறுபடுவது உண்டாம். ஆனால் அது அழைப்பை எடுத்த பிறகு வரும் தொல்லை. அதே சாக்கெட்டில் சாதாரண போனை மாட்டினால் மணி அடிக்கிறது என்றால், மணியை எடுக்காததற்கு லைனைக் குற்றம் சொல்ல முடியாது.

யாரை வரவழைத்தாலும் உங்கள் கண்முன்னே செல்போனிலிருந்து கூப்பிட்டு 'ரிங்' வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வேறு இடத்திலிருந்து ஒரு பக்கம் ஃபேக்ஸ் வந்து சேர்ந்த பிறகு பணம் கொடுங்கள். பில் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "செட்டிங் பார்க்கிறதுக்கும் சார்ஜ் உண்டு அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். ஜிபேயில் அனுப்பிய இரண்டு தொகைக்கு மட்டும் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அதையும் ஜப்பானிலிருந்து வந்த மின்னஞ்சலையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.