பல் வலிக்கு ஒரு செட்

ஊர் மெடிக்கலில் "பல் வலிக்கு ஒரு செட்" என்று கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டுகள், சின்னக் காகிதக் கவர், அதன் மேல் பேனாவில் வேளைக் குறிப்பு. பில் கிடையாது. லண்டனில் பல் டாக்டருக்காக வாரக்கணக்கில் காத்திருந்தபோதெல்லாம் இந்தக் கவரை நினைத்து ஏங்கியிருக்கிறேன். இந்த முறை மயிலாடுதுறை வீட்டில், அப்பாவின் அலமாரியில் அதைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது.

அப்பா பக்கவாதம் வந்து தேறியவர். இதய வால்வில் சுருக்கம், துடிப்பும் சீராக இல்லை. உள்ளே ரத்தம் கட்டி மறுபடி மூளைக்குப் போய்விடக் கூடாது என்று தினமும் அசிட்ரோம் சாப்பிடுகிறார். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட் அளவான ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும்; கூடினால் ரத்தம் கசியும். ("இன்னுமா இந்தப் பழைய மாத்திரை?" என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு: வால்வுச் சுருக்கம் அதிகமாக இருந்தால் டெஸ்ட் தேவைப்படாத புது மாத்திரைகளைத் தருவதில்லை.)

கவரில் இருந்தவை மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக், டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை, ஒரு கேஸ் மாத்திரை. முதலாவது, அசிட்ரோமைக் கல்லீரல் கழிக்கும் வேகத்தைக் குறைத்துவிடும். வழக்கமான அளவே அதிக அளவு போல வேலை செய்யும். இரண்டாவது வயிற்றைப் புண்ணாக்கும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களையும் மந்தமாக்கும். ஈறில் ரத்தம் கசிந்ததை எல்லோரும் பல்லின் கணக்கில் எழுதிவிட்டார்கள். முழங்கையில் கன்றிப்போன நீலத்துக்கு, "கதவுல இடிச்சிருக்கும்" என்றார் அம்மா. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்ற பயத்தில், மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டேன், அப்பா முறைத்தார்.

ஐ.என்.ஆர். ரிசல்ட் 6.8.

டாக்டர் அசிட்ரோமை நிறுத்தி, வைட்டமின் கே கொஞ்சமாகக் கொடுத்தார். அதிகம் கொடுத்தால் பிறகு சில நாள் அசிட்ரோம் பிடிக்காது, ரத்தம் கட்டும் பயம் திரும்பிவிடுமாம். திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி வந்தால், மூளைக்குள் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க உடனே ஸ்கேன். தலையில் அடிபட்டால், பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருந்தாலும் ஸ்கேன்.

எனக்கு ஆறாதது ஒன்றுதான். மாதாமாதம் அசிட்ரோம் வாங்குவதும் அதே கடையில்தான்! நேரே போய்க் கேட்டேன். "தம்பி, அம்மா வந்து பல் வலின்னாங்க. யாருக்குன்னு நான் கேக்கல. நான் குடுக்கலன்னா எதிர்க்கடையில வாங்குவாங்க." சரி, அதுவும் உண்மைதான். அட்டையில் சிவப்புக் கோடு இருக்கிறது, சட்டப்படி டாக்டர் சீட்டு வேண்டும். கோட்டைத் தாண்டித்தான் கத்தரி வெட்டுகிறது.

லண்டனில் என் மாமியார் அசிட்ரோமின் இனத்தைச் சேர்ந்த வார்ஃபரின் சாப்பிடுகிறார். அவருடைய ஐ.என்.ஆர். அளவும் மாத்திரை அளவும் குறித்த மஞ்சள் புத்தகத்தைப் பார்க்காமல் எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர் இருமல் மருந்துகூடத் தர மாட்டார். டைக்ளோஃபினாக் மாத்திரை அங்கே 2015-இலிருந்து சீட்டில்லாமல் கிடைப்பதில்லை. ஆனால் நடு ராத்திரியில் ஷட்டரைத் தூக்கி, "அப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டு மருந்து தரும் ஆள் அங்கே இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரவு அப்படித் தந்தவர் இதே மனிதர். அதனால் சத்தமாகச் சண்டை போடவும் முடியவில்லை. அசிட்ரோம் சாப்பிடுகிறவர் என்று பெரிய எழுத்தில் எழுதி, அப்பா பெயரோடு கல்லாவுக்கு மேலே ஒட்டச் சொன்னேன். ஒட்டினார், ஊதுபத்தி ஸ்டாண்டுக்குப் பின்னால்.

பல் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஐ.என்.ஆர். 3-க்குள் வந்துவிட்டால் அசிட்ரோமை நிறுத்தாமலே பிடுங்கித் தையல் போடலாம் என்கிறார் பல் டாக்டர். தம்பி அழைத்துப் போவான். மெடிக்கலுக்குத் தனியாகப் போக அம்மாவுக்குத் தடை.